ஒன்பது வாட் பல்புக்கு ஒன்றரை வயர் எதற்கு?

அழகர்கோவில் சாலையோர மாந்தோப்புகளுக்குள் புதுவீடுகள் எழும்புகின்றன. தளம் போட்டு, சுவரைக் கொத்திப் பைப் புதைத்ததும் வரும் கேள்வி இது: “பூரா எல்.இ.டி. தானே, ஒரு எம்எம் வயரே போதாதா?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 9 வாட் பல்புகள் பத்தும் சேர்ந்து எரிந்தால்கூட அரை ஆம்பியர் வராது. குண்டு பல்பு காலத்தில் லைட் சர்க்யூட் ஒன்றுக்கு 10 பாயின்ட், 800 வாட் என்று கணக்கு வைத்தார்கள். இன்றைய வீட்டில் விளக்குகள் மட்டும் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

ஆனால் வயரின் கனத்தை முடிவு செய்வது பல்பு அல்ல, அந்த சர்க்யூட்டைக் காக்கும் எம்.சி.பி. அதே போர்டில்தான் ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் இருக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7. அடுப்பைச் செருகினால் 6 ஆம்பியர் எம்.சி.பி. சற்று நேரத்தில் விழுந்துவிடும். விழட்டும், அதற்குத்தான் அது இருக்கிறது. “அடிக்கடி ட்ரிப் ஆகுது” என்று 20 ஆம்பியர் போட்டுக் கொடுப்பவர்தான் ஆபத்தானவர். பைப்புக்குள் ஓடும் 1.5 சதுர மி.மீ. தாமிர வயர் நெடுநேரம் தாங்குவது சுமார் 14 ஆம்பியர். சித்திரை வெயிலில் கொதிக்கும் மாடித் தளத்துக்குள் அதுவும் குறையும். வயர் வெந்துகொண்டிருக்க, எம்.சி.பி. சும்மா இருக்கும்.

ஆகவே விளக்கு, ஃபேனுக்கு ஒன்றரை, எம்.சி.பி. 6, மிஞ்சினால் 10. அடுப்படி பவர் பிளக்குக்குத் தனி சர்க்யூட்டில் இரண்டரை, ஏ.சி.க்கு நான்கு. ஒரு எம்எம் போட்டு மிச்சமாகும் காசு, பூசிய சுவரை மறுபடி கொத்தும் கூலிக்குக் காணாது.

தோப்பு வீட்டில் தூரமும் ஒரு கணக்கு. மீட்டரிலிருந்து 60 மீட்டர் தள்ளி மாட்டுக்கொட்டகை விளக்கு என்றால் ஒன்றரை வயரே தாராளம். அதே வயரில் அரை எச்.பி. மோட்டாரையும் கோத்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். போக வர 120 மீட்டர் வயரின் தடை ஏறக்குறைய 1.45 ஓம். மோட்டார் கிளம்பும்போது 15 ஆம்பியர் இழுத்தால் 20 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஏற்கெனவே லோ வோல்டேஜ் என்றால் மோட்டார் முக்கும். நான்கு எம்எம் போட்டால் இழப்பு 8 வோல்ட்டோடு நிற்கும். வெட்டவெளியில் சாதாரண பி.வி.சி. வயரை மரத்துக்கு மரம் கட்டாதீர்கள். வெயிலில் மேலுறை வெடிக்கும், மலையடிவாரக் குரங்குகள் தொங்கும். ஆர்மர்டு கேபிளை மண்ணுக்குள் புதையுங்கள். மண்டகப்படிப் பந்தலில் சீரியல் செட்டுக்கு ஓடும் மெல்லிய ட்வின் வயர் நாலு நாள் திருவிழாவுக்கு; வீட்டுச் சுவருக்கு அல்ல.

கடையில் ஐ.எஸ். 694 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வயரின் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள், அட்டைப்பெட்டியில் மட்டும் அல்ல. முடிந்தால் தராசிலும் வையுங்கள். 90 மீட்டர் ஒன்றரைக் காயிலில் தாமிரம் மட்டுமே 1.2 கிலோ அளவுக்கு இருக்கும். மேலுறையோடு சேர்த்தும் அந்த எடை வரவில்லையென்றால், விலை எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.