உப்புக் காற்றும் பழைய மோட்டார் வண்டியும்

மன்னார்த் தீவில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதைக் கழுவுவதில் சோம்பல் கொண்டவர்கள் அல்லர். சோளகம் வீசத் தொடங்கிவிட்டால், காலையில் துடைத்த கண்ணாடி மாலைக்குள் உப்புப் படிந்து மங்கிவிடும். வாளியும் சீலைத்துண்டுமாக முற்றத்தில் இறங்க வேறு தூண்டுதல் வேண்டியதில்லை. ஆனால் கழுவி முடித்ததும் ஈரத்தோடு வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறோமே, அங்கேதான் கேடு தொடங்குகிறது.

இரும்பு கறள் பிடிப்பதற்கு நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் வேண்டும். உப்பு அவ்விரண்டிற்கும் துணைவன். நீரில் கரைந்து மின்னோட்டத்திற்கு வழி திறந்துவிட்டு, அரிப்பை விரைவுபடுத்துகிறது. அதனினும் பொல்லாத குணம் ஒன்று அதற்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கசியும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே உப்புப் படிந்த இரும்பு, கண்ணுக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும், கடற்கரை இரவுகளில் நனைந்தே கிடக்கிறது. மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஆணிகளை உப்புத் தாளால் மினுக்கி, ஒன்றை நல்ல நீரிலும் மற்றதை உப்பு நீரிலும் தோய்த்தெடுத்து வெளியே வைத்தால், மறுநாட் காலையில் வேற்றுமை தெரியும்.

இந்தக் கடலின் வலிமைக்குச் சான்று தேடித் தூரம் போகவேண்டாம். அக்கரையில் 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயிற்பாலம், 1964 டிசம்பர்ப் புயலில் பெருஞ்சேதமடைந்தும் திருத்தப்பட்டு மீண்டும் ரயிலைச் சுமந்தது. புயல் ஓரிரவில் ஓய்ந்தது. உப்போ ஓயாமல் அரித்துக்கொண்டே இருந்தது. 2022 டிசம்பரில் அப்பாலத்தில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் பக்கத்தே புதுப்பாலம் திறக்கப்பட்டது. அத்தனை பருமனான இரும்புக்கே இக்கதியென்றால், மொறிஸ் மைனரின் மெல்லிய தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, எங்கேனும் அருமையாகக் காணப்படும் எம்.ஜி. விளையாட்டுக் கார் ஆகியவை இன்று வெறும் வாகனங்கள் அல்ல. போர்க்காலத்தில் பெற்றோல் கிடையாதபோது மண்ணெண்ணெயைக் குடித்தும் வடபகுதிக் குடும்பங்களைச் சுமந்தவை இத்தகைய பழைய வண்டிகளே. ஆகையால், அவற்றைக் காப்பாற்ற விரும்புவோருக்குச் சில சொற்கள்.

முதலாவது, நீர். தீவின் எல்லாக் கிணறுகளும் நன்னீர்க் கிணறுகள் அல்ல; கோடை முற்ற முற்ற உவர்ப்பு ஏறும். உவர்நீரால் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும். வாயில் விட்டுக் கரிப்புத் தெரியாத நீரையே எடுக்க வேண்டும். பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதுவே உத்தமம். மேலே பளபளப்பாக்குவதில் ஒரு மணி நேரம் செலவிடுகிறவர்கள் அடியில் ஒரு வாளி நீர்கூட ஊற்றுவதில்லை. மட்காட்டின் உட்புறத்திலும் வில்லுத் தகடுகள் பொருந்தும் இடங்களிலும் அப்பியிருக்கும் மண், நனைந்த பஞ்சுபோல உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும். அதை முற்றாகக் கரைத்து வெளியேற்றாமல் நனைத்து மட்டும் விடுவது, கழுவாமல் விடுவதைவிட மோசம்.

அடிச்சட்டம் உள்ளிருந்தே அழிவது. எம்.ஜி. டி.டி. போன்ற வண்டிகளின் சட்டம் பெட்டிபோல் உட்குடைவானது. மொறிஸ் மைனருக்குத் தனிச்சட்டம் கிடையாது. அடித்தகடும் கதவின் கீழ்ப் பெட்டிகளுமே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றின் கீழே நீர் வடியத் துளைகள் உண்டு. மண் அடைத்தால் நீர் உள்ளே தேங்கும். கழுவுமுன் ஒரு மெல்லிய குச்சியால் அவற்றைத் திறந்துவிடுக. கழுவியபின் வண்டியின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி நீரை வடியவிடுக. நன்றாக உலர்ந்த பிறகே உட்குடைவுகளுக்குரிய மெழுகை உள்ளே பீச்சலாம். ஈரத்தின்மேல் மெழுகு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். பழைய என்ஜின் எண்ணெயை அடியெங்கும் தெளிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. அது பிறேக்கின் றப்பர்க் குழாய்களில் பட்டால் றப்பர் ஊதிக் கெடும். மிஞ்சியது மண்ணில் ஒழுகிக் கிணற்றைத் தேடிப் போகும்.

இனிப் பிறேக். உயிரோடு தொடர்புடைய விஷயமாதலால் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். பிறேக் தட்டுகளும் உருளைகளும் வார்ப்பிரும்பாலானவை; வர்ணம் பூச முடியாதவை. கழுவிய சில மணி நேரத்திற்குள் அவற்றின்மேல் செம்மஞ்சள் படலம் தோன்றும். அதுகண்டு அஞ்ச வேண்டியதில்லை. நான்கைந்து தடவை பிறேக்கை அழுத்தினால் தேய்ந்துபோகும். அஞ்ச வேண்டியது, ஈரத்தோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியைத்தான். பிறேக் சப்பாத்து உருளையோடு ஒட்டிக்கொள்ளும். சிலிண்டரின் உட்சுவரில் குழி விழும். அடுத்த முறை ஓட்டும்போது ஒருபக்கச் சில்லு மட்டும் பிடித்து வண்டி தெருவைவிட்டு இழுக்கும். பாலத்தைக் கடந்து பெருநிலத்தை நோக்கிச் செல்லும் நீண்ட கடற்தாம்போதியில் அப்படி நேர்ந்தால் ஒதுங்க இடமேது?

எனவே கழுவி முடித்ததும், நனைந்த பிறேக் சற்று வலுக்குறைந்தே பிடிக்கும் என்பதை நினைவில் வைத்து, ஆளரவமற்ற வீதியில் மெதுவாக இரண்டு மூன்று மைல் ஓட்டுக. இடையிடையே பிறேக்கை இலேசாக அழுத்துக. அந்தச் சூட்டிலேயே உருளைகள் உலர்ந்துவிடும். திரும்பி வந்ததும் காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்துக. கைப்பிறேக்கை இழுத்துவிடாமல், வண்டியைக் கியரில் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத ஈரமும் ஒன்றுண்டு. சாதாரண பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. நாளடைவில் அந்த ஈரம் குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். எண்ணெய் சூடேறும்போது ஆவியாகி, மிதிபலகையை வலுவிழக்கச் செய்யும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை முற்றாக மாற்ற வேண்டும். மொறிஸ் மைனரில் தலைமைச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருப்பதால், அதை ஆண்டுக்கணக்கில் எவரும் திறந்து பார்ப்பதில்லை. விரிப்பை நீக்கி, மூடியைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருந்தால், அடுத்த பயணத்திற்கு முன்னரே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுங்கள்.