ஏரியில் மீன் சாகும். கடலில் புல் சாகும்: பாசிப் பெருக்கம் என்ன செய்கிறது?

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கப் போனதுண்டா? அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. கிட்டத்தட்ட இதே கதை கடலிலும் நடக்கிறது. ஆனால் அங்கே முதலில் சாவது பெரும்பாலும் மீன் இல்லை, புல்.

கடல்ல புல்லா?

ஆமாம். கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றல்ல. கடற்புல் என்பது வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள முழுமையான தாவரம். ஆழம் குறைந்த கடலில், மணலில் வேரூன்றிப் புல்வெளியாகப் பரவும். கடற்பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. வேண்டிய சத்தை உடம்பு முழுக்கத் தண்ணீரிலிருந்தே உறிஞ்சும். பிரச்னை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அப்படி என்னதான் நடக்கிறது?

ஊர்களின் கழிவுநீரும் வயல்களின் உரமும் நைட்ரஜன், பாஸ்பரஸைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. கடற்புல் மெதுவாக வளரும்; பாசிக்கோ இது விருந்து. வேகமாகப் பெருகி, புல்லின் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும்.

முதல் அடி, வெளிச்சம். கடற்புல் உயிரோடிருக்க, கடல் மேற்பரப்பில் விழும் ஒளியில் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் வேண்டும். பாசி அதைவிடக் குறைவான ஒளியிலேயே சமாளிக்கும்.

இரண்டாவது, ஆக்சிஜன். இரவில் பாசியும் சுவாசிக்கும். செத்து அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் தீரும். அப்போது அடிமண்ணில் சேரும் சல்ஃபைடு, புல்லின் வேரை நஞ்சாகத் தாக்கும்.

மூன்றாவது, மண். பிடித்துவைக்க வேர் இல்லாததால் மண் கலங்கும். கலங்கிய நீரில் வெளிச்சம் இன்னும் குறையும். அதனால்தான் ஒருமுறை போன புல் சுலபத்தில் திரும்பி வருவதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வாக்வாய்ட் விரிகுடாவில் இதுதான் நடந்தது. சுற்றியுள்ள வீடுகளின் செப்டிக் டேங்க் நைட்ரஜன் நிலத்தடி நீர் வழியாக உள்ளே வர, பாசி தழைத்தது, புல்வெளி அழிந்தது.

சரி, நமக்கென்ன?

இந்தியாவின் முக்கியமான கடற்புல் வெளிகள் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, ஒரு நாளைக்கு 40 கிலோ வரை கடற்புல் மேயும். இறால், நண்டு, ஓரா மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளர்வதும் இந்தப் புல்லுக்குள்தான். புல் போனால் மீனவர் வலையும் காலி.

புல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரிடா சாட்சி. பாசிப் பெருக்கத்தால் கடற்புல் அழிந்த இந்தியன் ரிவர் நீர்ப்பகுதியில், கடற்பசுவின் உறவினமான மனாட்டிகள் பட்டினியால் மடிந்தன. 2021இல் மட்டும் அந்த மாநிலத்தில் 1,000க்கும் மேற்பட்ட மனாட்டிகள் இறந்தன.

அப்போ பாசிதான் வில்லனா?

இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் பல பெண்களுக்குப் பாசிதான் வருமானம். ஆனால் இடமும் அளவும் முக்கியம். வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற பாசி, குருசடைத் தீவில் பவளப்பாறைகளை மூடிப் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

சரிசெய்ய முடியுமா?

முடியும், ஆனால் வேலை கரையில்தான். ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பை மேம்படுத்தி நைட்ரஜனைக் குறைத்தார்கள். 2014 வாக்கில் கடற்புல் ஏறக்குறைய 1950களின் பரப்புக்குத் திரும்பியது. பிறகு மறுபடி சரிந்தது. அதாவது, ஒருமுறை ஜெயித்துவிட்டுக் கண்ணயர முடியாது.

பெங்களூருக்குக் கடல் இல்லைதான். ஆனால் அல்சூர் ஏரியின் உபரிநீர், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. அந்த ஆறு ஓசூரைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. உங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம்ம எஸ்டிபி தினமும் ஓடுதா? நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் நீங்குதா?