தலைமன்னாரில் ஒரு தாமரை

மன்னார்த் தீவின் மேற்குக் கோடியில், 1964ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடிக் கப்பலுக்குக் காத்திருந்த பிரயாணிகளின் ஆரவாரத்தைக் கேட்டுப் பழகிய தலைமன்னாரின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, அதிலுள்ள எழுத்துகளைக் கொண்டு வேறு சொற்கள் ஆக்கும்படி பிள்ளைகளைக் கேட்டால், தலை, மலை, தமர் என்று சில சொற்களோடு அவர்கள் ஓய்ந்துவிடுவார்கள். ஆறே எழுத்துகளில் அதற்குமேல் என்ன கிடைக்கும் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால், தமிழின் 247 எழுத்துகளில் 216 எழுத்துகள் உயிரும் மெய்யும் கூடிப் பிறந்தவை என்பதை ஞாபகத்தில் கொண்டு, லை என்பதை ல், ஐ என்றும், னா என்பதை ன், ஆ என்றும் பிரித்துவிட்டால், ஆறு எழுத்து பத்தாகிவிடுகிறது. அப்பொழுது அலை வருகிறது, அலை மோதும் தரை வருகிறது, ஆமை வருகிறது, மலரும் மாலையும் வருகின்றன, முடிவில், த், ஆ, ம், அ, ர், ஐ ஆகிய ஆறும் கூடித் தாமரையே மலர்ந்துவிடுகிறது. இருக்கும் எழுத்தை இருக்கும் அளவுக்கே எடுக்கலாம் என்பது விதி. ன் இரண்டு உள்ளமையால் அன்னைக்கு இடமுண்டு, ம் ஒன்றே ஆகையால் மரத்துக்கு இடமில்லை.

தேடுகிறவனுக்கு இலக்கணமே வழித்துணை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் வரிசைகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பிய காலந்தொட்டு வரும் நியதியாதலால், தலைமன்னாரின் மெய்களுள் தகரமும் மகரமுமே சொல்லைத் தொடங்க வல்லவை. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாதாதலால், த் என்று முடியும் சொல்லைத் தேடி அலைய வேண்டுவதும் இல்லை.

இவ்விநோதம் நமக்குப் புதிதன்று. ஓரெழுத்தை நீக்க நீக்க வேறு வேறு சொல் பிறக்கும் அக்கரச்சுதகத்தைத் தண்டியலங்காரம் சொல்லணிகளுள் வைத்து ஆதரிக்கிறது. மன்னார்க் கரையில் பாலாவியின் அருகே விளங்கும் திருக்கேதீச்சரத்தைப் பாடிய ஞானசம்பந்தரே, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே நிற்கும் மாலைமாற்றுப் பதிகத்தையும் அருளியவர். எழுத்தோடு விளையாடுவது பக்திக்கும் புலமைக்கும் குறைவென்று நம் முன்னோர் நினைக்கவில்லை.

திருக்கேதீச்சரக் கோயில் அமைந்த மாதோட்டம் பழங்காலத்தில் கப்பல்கள் வந்தடைந்த துறைமுகம். அப்பெயரில் தோட்டம் இருப்பதை எவரும் காண்பர். தோ என்பதைத் த், ஓ என்று பிரித்துப் பார்ப்பவர்க்கோ, அதில் ஓர் ஓடமும் இருப்பது தெரியும்.