எரிமலை மறைவில் பாய்மரம்

கிரெனடா தீவுக்கு வடக்கே எட்டு கி.மீ. தள்ளி, கடல் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கும். மேலே பார்த்தால் வெறும் நீலத் தண்ணீர்தான். அடியில் இருப்பது 'கிக் எம் ஜென்னி' என்னும் எரிமலை. 1939-ல் அது வெடித்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே வெளியுலகுக்குத் தெரிந்தது. சாதாரண நாட்களிலேயே அதன் வாயிலிருந்து 1.5 கி.மீ. விலகித்தான் படகுகள் போக வேண்டும். குமுறத் தொடங்கினால் 5 கி.மீ. வெடிப்பு மட்டும் அல்ல ஆபத்து. அடியிலிருந்து வாயு குமிழ் குமிழாகக் கிளம்பினால் தண்ணீரின் அடர்த்தி குறைந்துபோகும். அந்தத் தண்ணீர் படகைத் தாங்காது.

கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, மார்டினிக், டொமினிக்கா, குவாதலூப் என்று கிழக்குக் கரீபியனில் தெற்கு வடக்காக வளைந்து கிடக்கும் இந்த எரிமலைத் தீவு வரிசை பாய்மரக்காரர்களுக்குச் சொர்க்கம். டிசம்பர் முதல் மே வரை கொண்டல் காற்று சலிக்காமல் வீசும்; மணிக்கு 15 முதல் 25 கடல் மைல் வேகம் இருக்கும். வடக்கே போனாலும் தெற்கே திரும்பினாலும் காற்று பக்கவாட்டில்தான். காலையில் பாய் ஏற்றினால் பொழுது சாய்வதற்குள் அடுத்த தீவு.

ஆனால் படகை நடத்துவது காற்று மட்டும் அல்ல, மலையும்தான். தீவின் மேற்குக் கரையோரம் வந்ததும் மலை காற்றை மறித்துவிடும். பாய் துவண்டு தொங்கும், இன்ஜினைப் போட வேண்டியதுதான். தீவின் முனையைத் தாண்டும்போது அடைபட்டிருந்த காற்றெல்லாம் சேர்ந்து ஒரே வீச்சாக அடிக்கும். இரு தீவுகளுக்கு நடுவில் அட்லாண்டிக் அலை நேராக வந்து மோதும். முனை வருவதற்கு முன்பே பாயைக் குறைத்துக் கட்டுபவர்தான் இந்தக் கடலை அறிந்தவர்.

நங்கூரம் போடுவதும் மலை விட்ட வழிதான். எரிமலைச் சரிவு கரையோடு நிற்பதில்லை, அதே செங்குத்தில் கடலுக்குள்ளும் இறங்குகிறது. செயின்ட் லூசியாவின் இரட்டைச் சிகரங்களான பிட்டன்களை 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றின் அடிவாரத்தில் பவளப்பாறைகளைக் காக்க நங்கூரத்துக்கே தடை. மிதவையில்தான் கட்ட வேண்டும். படகு நெருங்கும்போதே சிறு படகில் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து கயிற்றை வாங்கிக் கட்டிவிடுவார். இதற்குக் காசா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தக் கரையின் ஆழமும் சுழற்காற்றும் அறிந்தவரின் கூலி அது; மனம் நிறைந்து கொடுக்க வேண்டும்.

மார்டினிக்கின் சேன்-பியேரில் நங்கூரம் போடக் கிடைப்பது கரையை ஒட்டிய ஒடுங்கிய கருமணல் திட்டு. அதைத் தாண்டினால் சட்டென்று ஆழம். மணலில் நங்கூரத்தை இறக்கி, இன்ஜினைப் பின்னுக்கு ஓட்டி, பல் பதிந்ததா என்று சங்கிலியில் கைவைத்துப் பார்க்கிறார்கள். வழுக்கினால் சங்கிலி அதிரும். பிடித்துவிட்டால் விறைத்து நிற்கும். தலைக்கு மேலே பெலே எரிமலை. 1902 மே 8 காலை அதிலிருந்து பாய்ந்த நெருப்பு மேகம் சில நிமிடங்களில் ஊரையே அழித்தது. சுமார் 28,000 பேர் மாண்டார்கள். சிறைக்கொட்டடியின் தடித்த சுவர்களுக்குள் அடைபட்டிருந்த கைதி ஒருவர் தப்பினார். துறையில் நின்ற கப்பல்கள் எரிந்து மூழ்கின. 'ரொரைமா' உள்ளிட்ட அவற்றின் உடல்கள் இன்றும் அந்தத் துறையின் அடியில் கிடக்கின்றன.

அதே மலையின் மறுபக்கம், அலை அறையும் கிழக்குக் கரையில், பாஸ்-புவாந்த் என்ற ஊர் இருக்கிறது. பாய்மரப் படகுகள் அந்தப் பக்கம் அண்டுவதில்லை. எரிமலை மண்ணில் கரும்பு செழித்தது. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். மாரியம்மனும் மதுரை வீரனும் பெயர் சற்றுத் திரிந்து அங்கே இன்றும் பூசை பெறுகிறார்கள். நம் மசாலாவின் வழிவந்த 'கொலம்போ' குழம்பு தீவு முழுவதற்கும் சொந்தமாகிவிட்டது. எரிமலையையும் மூழ்கிய கப்பல்களையும் பார்த்துவிட்டு மறுநாளே டொமினிக்காவுக்குப் பாய் விரிக்கிறவர்கள் இந்த ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாம். சேன்-பியேரிலிருந்து மோர்ன்-ரூஜ் வழியாகச் சாலை இருக்கிறது. நங்கூரம் நன்றாகப் பிடித்திருந்தால் ஒரு பகலில் போய்வந்துவிடலாம்.