முதலிடம் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் தானா?

“நம்ம சைட் கூகுள்ல முதல் இடம் தம்பி. வேணும்னா நீயே வந்து பாரு.”

ஒரு பொங்கல் விடுமுறைக்கு நெய்வேலி வந்திருந்த போது, எங்கள் குடும்ப நண்பரான மாமா ஒருவர் இப்படிச் சொல்லித் தன் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகரியத்தில் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகரில் வீடு கட்டிக் கொண்டார். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வாங்கி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு, இன்டர்நெட் மூலம் வெளியூர்களுக்கு விற்க ஒரு இணைய தளம் தொடங்கியிருந்தார். அந்தத் தளத்தைக் கூகுளில் முன்னால் கொண்டு வருவதற்காக ஒரு நிறுவனத்திற்கு மாதம் 6,000 ரூபாய் கொடுத்து வந்தார். எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு ஆர்டர் கூட வரவில்லை.

அவர் கம்ப்யூட்டரில் “நெய்வேலி முந்திரி” என்று டைப் செய்தார். உண்மையாகவே அவர் தளம் தான் முதலில் நின்றது. அதே சொற்களைக் கோயம்புத்தூரில் இருக்கும் என் நண்பனைத் தேடச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது. “பண்ருட்டி முந்திரி ஆன்லைன்” என்று தேடச் சொன்னேன். ஐந்து பக்கம் தள்ளியும் காணவில்லை. மாமாவின் முகம் மாறிவிட்டது. “ஒரே கூகுள் தானே? எப்படி வேற வேற காட்டும்?” என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கான பதில் தான் இந்தக் கட்டுரை. சொந்தமாக இணைய தளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஆளுக்கு ஒரு முடிவு

1998-ல் கூகுள் தொடங்கிய போது, ஒரு தளத்திற்கு எத்தனை தளங்கள் இணைப்பு தருகின்றன, அந்தத் தளங்களின் மதிப்பு என்ன என்பதை முக்கியமாகக் கணக்கிட்டு வரிசைப்படுத்தியது. யார் தேடினாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்த வரிசையில் மேலே ஏறுவதற்கான வேலைகளுக்குத் தான் சர்ச் இன்ஜின் ஆப்டிமைசேஷன், சுருக்கமாக எஸ்.இ.ஓ., என்று பெயர்.

தேடுபவருக்கு ஏற்ப முடிவுகளை மாற்றும் வசதியைக் கூகுள் 2004-ல் சோதனை முறையில் வெளியிட்டது. 2005-ல் கூகுள் அக்கவுண்ட்டில் நுழைந்து தேடுபவர்களுக்கு இது வந்தது. 2009 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், அக்கவுண்ட் இல்லாதவர்களுக்கும் இதனை விரிவாக்கியது. பிரவுசரில் வைக்கப்படும் குக்கி மூலம் 180 நாட்கள் வரையிலான தேடல்களைக் கணக்கில் எடுத்துக் கொள்வதாக அப்போது அறிவித்தது. 2012-ல் வந்த வெனிஸ் என்னும் மாற்றம், தேடுபவர் இருக்கும் ஊருக்கு ஏற்ற தளங்களைச் சாதாரண முடிவுகளிலும் மேலே கொண்டு வந்தது. 2017 அக்டோபரில், எந்த நாட்டுக் கூகுள் முகவரியைத் திறந்தாலும் நீங்கள் இருக்கும் இடத்திற்குரிய முடிவுகளே கிடைக்கும் என்று மாற்றினார்கள்.

அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் இதனை அளந்து பார்த்தனர். கூகுள் முடிவுகளில் சராசரியாக 11.7 சதவீதம் ஆளைப் பொறுத்து மாறுவதாகக் கண்டனர். மாற்றத்திற்கு முக்கியக் காரணங்களாக அவர்கள் கண்டவை இரண்டு: அக்கவுண்ட்டில் நுழைந்திருப்பது, தேடுபவர் இருக்கும் இடம். 2018-ல் கூகுள் தந்த விளக்கமும் இதை ஒட்டியதே. பழைய தேடல்களை வைத்துச் செய்யும் மாற்றம் மிகக் குறைவு என்றும், இடம், மொழி, சற்று முன் தேடியது ஆகியவையே பெரும்பாலான வேறுபாட்டிற்குக் காரணம் என்றும் கூறியது.

நம் ஊரிலேயே சோதிக்கலாம்

நகரியத்தில் என் பெற்றோர் வீட்டில் அமர்ந்து என்.எல்.சி. என்ற மூன்று எழுத்துக்களை ஆங்கிலத்தில் டைப் செய்தேன். 2016-ல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்று பெயர் மாற்றம் பெற்ற நம் நிலக்கரி நிறுவனம் தான் மேலே வந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் கல்லூரி நண்பன் அதே மூன்று எழுத்துக்களைத் தேடினான். அவனுக்கு முதலில் வந்தது, வாஷிங்டனில் இயங்கும் நேஷனல் லீக் ஆப் சிட்டீஸ் என்ற நகராட்சிகளின் அமைப்பு. எழுத்துக்கள் ஒன்று தான், இடம் தான் வேறு. இரண்டு பேருக்கும் கூகுள் சரியாகத் தான் காட்டியிருக்கிறது.

மாமா தளம் முதலில் தெரிந்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, அவர் தேடியது நெய்வேலியிலிருந்து. இரண்டு, “நெய்வேலி முந்திரி” என்று தேடுபவர்கள் மிகக் குறைவு, போட்டித் தளங்களும் குறைவு. வெளியூர்க்காரர்களுக்கு முந்திரி என்றால் பண்ருட்டி தான் நினைவுக்கு வரும். மூன்று, தினமும் காலையில் காபி குடித்தவுடன் அதே சொற்களைத் தேடி, தன் தளத்தை அவரே ஒரு முறை கிளிக் செய்து பார்த்து வந்தார். அவருடைய அக்கவுண்ட் பழக்கத்தையும் கூகுள் ஓரளவு கணக்கில் எடுத்திருக்கலாம். அந்த நிறுவனம் மாதா மாதம் அனுப்பிய “முதலிடம்” ஸ்கிரீன் ஷாட்டிலும் இதே சொற்கள் தான் இருந்தன.

சர்ச் கன்சோல் காட்டிய உண்மை

கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் அவர் தளத்தைப் பதிவு செய்தேன். 2015-க்கு முன் இதன் பெயர் வெப்மாஸ்டர் டூல்ஸ். உங்கள் தளம் எத்தனை முறை முடிவுகளில் தோன்றியது, எத்தனை பேர் கிளிக் செய்தனர், சராசரி இடம் என்ன, எந்த நாட்டிலிருந்து தேடினார்கள் என்பதை எல்லாம் இது காட்டும். 16 மாதத் தகவல் வரை பார்க்கலாம்.

மூன்று மாதம் கழித்து விடுமுறையில் வந்த போது, இருவரும் சேர்ந்து அதைத் திறந்தோம். கிளிக் வரைபடம் நாளுக்கு ஒன்று, சில நாட்களில் இரண்டு என்று நேர்க்கோடாகப் போனது. நடுவில் நான்கு நாட்கள் மட்டும் பூஜ்யம். “இந்த நாலு நாள் என்ன ஆச்சு?” என்று நான் கேட்டேன். மாமா காலண்டரைப் பார்த்தார். பேத்திக்குக் காது குத்துவதற்காகக் கும்பகோணம் போயிருந்த நாட்கள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப வந்தது பூரா நான் தானா?” என்றார்.

ஓய்வு பெற்ற போது கிடைத்த பணத்தில் தான் அந்த மாதச் செலவைச் செய்திருந்தார். அன்று மாலையே அந்த நிறுவனத்திற்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டார். கூகுளில் முதலிடத்திற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறது. அப்படி உத்தரவாதம் தருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

உண்மையான இடத்தை அறிய

1. குரோம் பிரவுசரில் கண்ட்ரோல், ஷிப்ட், என் கீகளை ஒன்றாக அழுத்தினால் இன்காக்னிட்டோ விண்டோ திறக்கும். உங்கள் அக்கவுண்ட்டும் பழைய தேடல்களும் இதில் சேராது. ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தை இது மறைக்காது. பலர் இங்கே தான் ஏமாறுகின்றனர்.

2. முடிவுகள் பக்கத்தின் அடியில், கூகுள் உங்களை எந்த ஊரில் இருப்பதாக நினைக்கிறது என்று காட்டும். எங்கள் வீட்டு பிராட்பேண்ட் இணைப்பில் சில நாட்கள் சென்னை என்று வரும்.

3. சில தேடல்களில், தனிப்பட்ட மாற்றங்கள் இன்றி முடிவுகளைப் பார்க்க ஒரு லிங்க்கும் பக்கத்தின் அடியில் கிடைக்கும். அதனைக் கிளிக் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. வெளியூரில் இருக்கும் நான்கு உறவினர்களை அவரவர் போனில் தேடச் சொல்லுங்கள். என்ன சொற்களில் தேட வேண்டும் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். “முந்திரி வாங்க வேண்டும் என்றால் எப்படித் தேடுவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள்.

5. ஒரு நாள் முடிவை நம்பாமல், சர்ச் கன்சோலில் மூன்று மாதப் போக்கைக் கவனியுங்கள்.

அப்படியானால் எஸ்.இ.ஓ. வீணா?

இல்லை. “முதலிடம்” என்ற ஒரே எண்ணைத் துரத்துவது தான் வீண். ஆளுக்கு ஒரு பட்டியல் என்றால், எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்க முடியாது. 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த ஏ.ஐ. ஓவர்வியூ, பல தேடல்களில் பட்டியலுக்கு மேலேயே ஒரு சுருக்கத்தைக் காட்டுகிறது. எனவே முதலிடத்தின் மதிப்பும் முன்பு போல் இல்லை. யாருக்கு எது தேவையோ, அவருக்கு நம் பக்கம் தென்பட வேண்டும் என்பது தான் இலக்காக இருக்க வேண்டும்.

மாமா தளத்தில் மூன்று வேலைகள் செய்தோம். முதலில், பக்கத் தலைப்புகளை வாங்குபவர் தேடும் சொற்களில் மாற்றினோம். அடுத்ததாக, 180, 240, 320 என்ற முந்திரித் தரங்களுக்கு என்ன வேறுபாடு, பாயசத்திற்கு எது, பரிசு கொடுக்க எது என்று தனித்தனிப் பக்கங்களில் மாமா தானே எழுதினார். அவருக்குத் தெரிந்த விஷயம், வேறு எங்கிருந்தும் காப்பி அடிக்கவில்லை. கடைசியாக, கூகுள் பிசினஸ் புரொபைலில் முகவரி, போன் எண், நேரம், படங்களை ஏற்றினோம். மேப் முடிவுகளில் வரிசையைத் தீர்மானிப்பவை மூன்று: தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடை அறியப்பட்ட அளவு. இந்த வரிசையில் மேலே வர கூகுள் பணம் வாங்குவதில்லை.

இதற்கு உடனே பலன் கிடைக்காது. அடுத்த ஐந்து மாதங்களில் ஆறு ஆர்டர்கள் வந்தன. முதல் ஆர்டர் ஓசூரிலிருந்து, 320 தரம், இரண்டு கிலோ. தரப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போன் செய்தார்களாம். இந்த ஆறு ஆர்டரில் அவர் இழந்த 66,000 ரூபாய் திரும்பிவிடாது. ஆனால் வாங்கிய ஆறு பேரும் உண்மையான ஆட்கள்.

மாமா இப்போதும் காலையில் கம்ப்யூட்டர் முன் அமர்கிறார். தன் தளத்தைக் கூகுளில் தேடிப் பார்ப்பதில்லை. சர்ச் கன்சோலைத் திறந்து, நேற்று வேறு யாராவது வந்தார்களா என்று பார்க்கிறார். நீங்களும் அதையே செய்து பாருங்கள்.