வழுக்கையும் யவன தர்க்கமும்

வழுக்கைத் தலையர் கண்ணாடிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அவர்கட்காக வாதாடியிருக்கிறார், மிலேட்டஸ் நகரத்து யவன அறிஞர் யூபுலிடீஸ். ஒரு மயிர் உதிர்ந்தால் ஒருவன் வழுக்கையன் ஆவானோ? ஆகான். இன்னுமொன்று உதிர்ந்தால்? அப்போதும் ஆகான். இப்படியே உதிர்த்துக்கொண்டு போனால், பளிங்கு போன்ற தலையனும் வழுக்கையன் அல்லன் என்றாகிறது!

இவ்வாதத்தை அட்டன் கடைவீதியில் எனக்கு முடி திருத்தும் இளைஞரிடம் விரித்துரைத்தேன். “அப்படியானால் ஐயா இனி முழுக்கூலி தரவேண்டும்” என்றார். (இதுகாறும் பாதிதான் கொடுத்து வந்தேன்.)

அவ்வறிஞர் தானியக் குவியலை வைத்தும் இவ்வாறே வினவினார்: எந்த மணியை எடுத்ததும் குவியல் குவியலாகாது போகிறது? ஏதென்ஸ் நகரத்தார் தலையைச் சொறிந்தனர். எங்கள் மலையகத்துக் கொழுந்து மடுவத்துத் தராசுக்கோ அத்தகைய ஐயமே கிடையாது. நாளொன்றுக்கு 18 கிலோ என விதித்த தோட்டத்தில், 17 கிலோ கொய்தவருக்கு அரைப்பேர் விழுவதுண்டு. அதாவது பாதிநாட் சம்பளம். எந்த இலையில் முழுநாள் அரைநாளாயிற்று?

“அம்மாவும் அதைத்தான் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்” என்றார் இளைஞர், கத்தியைத் துடைத்தபடி. “அவர் யவனர் இல்லை ஐயா, பதில் சொல்லாமல் அடுத்த கூடையை நிறுத்தார்.”

முழுக்கூலியைக் கொடுத்தேன்.