நிலவில் ஆரஞ்சு மண்

1972 டிசம்பர், அப்பல்லோ 17. ஷார்ட்டி என்ற 110 மீட்டர் அகலப் பள்ளத்தின் விளிம்பில், ஹாரிசன் ஷ்மிட்டின் கால்பட்டுச் சாம்பல் நிறத் தூசி விலக, அடியில் ஆரஞ்சு நிறம் எட்டிப்பார்த்தது. தலைக்கவசத்தின் தங்கப்பூச்சுத் திரையை உயர்த்திப் பார்த்தும் நிறம் மாறவில்லை.

நிலவில் நடந்த ஒரே புவியியலாளர் ஷ்மிட். அண்மைக்கால எரிமலை ஆவி பட்டுத் துருவேறிய மண்ணாக இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. நியாயமான ஊகம்தான், ஆனால் தவறு.

பூமியில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, அது மண்ணே அல்ல, கண்ணாடி மணிகள்! பெரும்பாலானவை தலைமுடியின் தடிமன்கூட இல்லை. சுமார் 360 கோடி ஆண்டுகளுக்கு முன், வாயு அழுத்தத்தால் பூவாணம்போல் பீறிட்ட எரிமலைக் குழம்பின் துளிகள் பறக்கும்போதே உறைந்தவை. ஆரஞ்சு நிறம் துருவால் வந்ததல்ல. டைட்டானியமும் இரும்பும் மிகுந்த கண்ணாடியின் நிறமே அது.

அங்கேயே குழாய் இறக்கி எடுத்த மாதிரியில், ஆரஞ்சுக்குக் கீழே கறுப்பு மணிகள் இருந்தன. இரண்டும் ஒரே குழம்புதான். மெதுவாக ஆறியவை உள்ளே படிகம் கட்டிக் கறுத்துவிட்டன.

மணிகளுக்குள் சிறைப்பட்ட குழம்புத் துணுக்குகளில் நீர் இருப்பது 2011இல் தெரியவந்தது.